காப்புக் கட்டிய கை

எனக்கு முன்கோபம் உண்டு. அதை மறைத்துவிட்டு இதை எழுத முடியாது. கல்மண்டபம் பக்கத்தில் ஓர் ஐஸ் கம்பெனியில் இருபது வருடத்துக்கு மேல் ஐஸ் பார் தூக்கியவன் நான். கொக்கி போட்டு இழுத்து, முதுகில் ஈரச் சாக்கை மடித்துப் போட்டு, பாரை அதன்மேல் சாய்த்து, இன்னொருவர் கைவைக்காமல் வண்டியில் ஏற்றிவிடுவேன். உடம்பு அப்படி. வாய் அதற்கும் மேல். பேச்சு இரண்டு வரியைத் தாண்டினால் கை நீண்டுவிடும். "நாள் பூரா ஐஸ் தூக்கற ஆளுக்கு இவ்ளோ சூடு எங்கிருந்துதான் வருதோ" என்று என் மனைவி கேட்பாள். எனக்கும் தெரியாது.

எங்கள் பகுதியில் ஐந்து சகோதரர்களும் அவர்கள் மனைவியும் தெய்வமாக நிற்கிற கோவில் ஒன்று இருக்கிறது. ஆடி மாதத்தில் அங்கே பதினெட்டு நாள் பாரதம் வைப்பார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பிரசங்கியார் பந்தலில் உட்கார்ந்து கதை சொல்வார். பதினெட்டாம் நாள் காலையில் படுகளம். மைதானத்தில் லாரி லாரியாக மண் கொட்டி, நூற்றுவரில் மூத்தவனை மல்லாக்கப் படுத்த கோலத்தில் செய்வார்கள். ஒரு டிரெய்லர் வண்டி நீளம் இருப்பான். மீசையும் கிரீடமும் வைத்து, கண் மட்டும் திறந்தபடி எழுதியிருப்பார்கள். இடது தொடைக்குள் செந்நீர் நிரப்பிய பானையைப் புதைத்திருப்பார்கள். சபையில் அவன் தட்டிக் காட்டி, வந்து உட்காரச் சொன்ன தொடை அது. ஐவரில் இரண்டாமவன் கதாயுதத்தால் அதை அடித்து உடைப்பதோடு போர் முடியும்.

மற்ற ஊர்களில் அந்த அடியைக் கூத்துக்காரரே அடித்துவிடுவார். எங்கள் கோவிலில் மட்டும் அது இந்தப் பகுதி ஆள் ஒருவரின் முறை. முதல் நாளே அவர் கையில் மஞ்சள் கயிற்றில் காப்புக் கட்டிவிடுவார்கள். பதினெட்டு நாளும் அந்தக் கை யார் மேலும் ஓங்கக் கூடாது. நாயை விரட்டக் கல் எடுக்கக் கூடாது, கொசுவைக்கூட ஊதித்தான் அனுப்ப வேண்டும். அடித்துவிட்டால் அத்தோடு சரி, கயிற்றை அவிழ்த்து வேறு ஆளுக்குக் கட்டிவிடுவார்கள். அதனால் பார்த்துப் பார்த்துக் கோபக்காரனுக்குத்தான் கட்டுவார்கள். சாதுவுக்குக் கட்டி என்ன பிரயோசனம் என்பது கோவில் பெரியவர்களின் கணக்கு.

ஒன்பது வருடம் காத்திருந்து எனக்கு அந்த முறை வந்தது. காப்புக் கட்டிய அன்று நான் முழுக்கைச் சட்டையை முழங்கைவரை மடித்துக்கொண்டு, வேலையே இல்லாமல் மார்க்கெட்டுக்கும் மாதா கோவில் தெருவுக்குமாக இரண்டு முறை நடந்தேன். எல்லோரும் பார்க்க வேண்டுமென்றுதான், வேறெதற்கு? ஐஸ் கம்பெனியில் கூட வேலை செய்பவர்கள் வேண்டுமென்றே என் டீயில் உப்புப் போட்டார்கள். என் கொக்கியை ஒளித்து வைத்தார்கள். ஒருவன் பின்மண்டையில் தட்டிவிட்டு, "இன்னா மாமு, கையி அரிக்குதா?" என்று இளித்தான். நான் சிரித்தேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. "இந்தக் கயித்த வருசம் பூரா கட்டிக்கினு இரேன்யா, எனுக்கும் நிம்மதியா கீது" என்றாள் மனைவி.

எங்கள் குடியிருப்பு மூன்று மாடி. லிஃப்ட் கிடையாது. மூன்றாவது மாடியில் எங்கள் கதவுக்கு எதிர்க் கதவில் ஒரு புருஷனும் பெண்சாதியும் இருந்தார்கள். அந்தப் பெண் இறால் உரிக்கும் கம்பெனிக்கு வேலைக்குப் போவாள், என்னை அண்ணா என்பாள். அவள் அம்மா வீடு எண்ணூர் முகத்துவாரக்குப்பத்தில். அவள் புருஷன் மினி லாரி ஓட்டுகிறவன். எங்கள் கம்பெனிக்கே லோடு எடுக்க வருவான், என்னை மாமு என்பான். குடித்தால் அவளை அடிப்பான். அதற்கு முன் இரண்டு முறை நான் போய் அவன் சட்டையைப் பிடித்துச் சுவரோடு வைத்து ஓர் உலுக்கு உலுக்கியிருக்கிறேன். ஒவ்வொரு உலுக்கலுக்கும் இரண்டு மூன்று மாதம் அடங்கிக் கிடந்தான். எதிர்வீட்டில் நான் இருக்கிறேன் என்ற தைரியத்தில்தான் அவள் அந்த வீட்டில் இருந்தாள். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

ஏழாம் நாள் சாயங்காலம் ஆறு மணி இருக்கும். தண்ணீர் வரும் நேரம், கீழே குழாயடியில் குடங்கள் வரிசையாக நின்றன. எதிர்க் கதவு படாரென்று திறந்தது. அவன் அவள் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு வந்தான். அம்மா வீட்டுக்குப் போய் நாலு நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று அவள் கேட்டிருக்கிறாள். அதுதான் குற்றம். நான் வாசலில் நின்றிருந்தேன். மூன்று மாடிக்காரர்களும் எட்டிப் பார்த்தார்கள். அவனைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள்.

எனக்கும் அவனுக்கும் நடுவே நான்கு எட்டுதான். என் கை தானாக முன்னால் போனது. போன கையில் மஞ்சள் கயிறு தெரிந்தது. நின்றுவிட்டேன். "டேய், வுட்றா அவள" என்று கத்தினேன். கத்தியது வாய்தான். கை முதுகுக்குப் பின்னால் போய்விட்டது.

அவள் தரையில் கிடந்தபடி நிமிர்ந்து பார்த்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. கையைத் தேடிப் பார்த்தாள்.

"நீ வராதண்ணா. உன் காப்பு பூடும்" என்றாள்.

அதைக் கேட்டதும் எனக்குள் என்ன வந்தது தெரியுமா? நிம்மதி. இத்தனை வருடம் கழித்து அதை மாற்றி எழுதிக்கொள்ள எனக்கு வாய்ப்பு இருக்கிறது, இது என் கதைதானே. ஆனாலும் நிம்மதிதான் வந்தது. அவளே சொல்லிவிட்டாள், இனி யாரும் என்னைக் கேட்க முடியாது என்று தோன்றியது. அந்த நிமிடம்தான் அவன் அவளை முடியோடு தூக்கி நிறுத்திப் படிக்கட்டின் பக்கம் தள்ளினான். கீழே விழுந்தவள் கையை ஊன்றினாள். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

தரைத்தளத்தில் தையல் கடை வைத்திருக்கிற பாய் அப்போதுதான் மேலே ஏறி வந்தார். அறுபது வயதுக்கு மேல், ஈர்க்குச்சி உடம்பு, மூன்று மாடி ஏறினால் மூச்சு வாங்கும். கழுத்தில் அளவு நாடா தொங்கியபடியே வந்து இரண்டு பேருக்கும் நடுவே நின்றுகொண்டார். அடுத்த அறை அவர் கன்னத்தில் விழுந்தது. கண்ணாடி தெறித்துப் போய் உடைந்தது. அவர் நகரவே இல்லை. "இன்னும் அடிக்கணும்னா அடி நைனா. நான் இங்கியேதான் நிப்பேன்" என்றார். அவன் கல்யாணச் சட்டையைத் தைத்துக் கொடுத்தவரே அவர்தான். அவன் கை இறங்கியது. கதவை அறைந்து சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டான். பாய் குனிந்து கண்ணாடிச் சில்லைப் பொறுக்கினார்.

என் மனைவியும் அவளும் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போய் வலது கைக்கு மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு வந்தார்கள். அன்றைக்கு என் மனைவி எனக்குச் சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள், பேசவில்லை. மறுநாளிலிருந்து தினமும் காலையில் எதிர்வீட்டுக்குப் போய் அவளுக்குத் தலை வாரிவிட்டு வந்தாள். ஒரு கையால் முடியை அள்ளி முடிய முடியாது என்பது அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

ஒன்பதாம் நாள் மதியம் பிரசங்கத்தில் சபைக் கதை வந்தது. காப்புக் கட்டியவன் முதல் வரிசையில் உட்கார வேண்டும். எத்தனையோ வருடமாகக் கேட்ட கதைதான். ஆனால் எப்போதும் நான் அதில் இழுத்து வந்தவனைப் பார்ப்பேன், பல்லைக் கடிப்பேன். அன்றைக்குத்தான் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தேன். மரத்தை வேரோடு பிடுங்குகிறவன், அரக்கனை வெறுங்கையால் கிழித்தவன், ஐவரில் இரண்டாமவன், அங்கேதான் உட்கார்ந்திருந்தான். அண்ணன் சூதில் தோற்றுவிட்டான், அண்ணன் சொல்லுக்குக் கட்டுப்பட வேண்டும், அது தருமம். அண்ணனின் கையைக் கொளுத்த நெருப்பைக் கொண்டுவா என்று தம்பியிடம் கத்தினான், பிற்பாடு தொடையைப் பிளப்பேன் என்று சபதமும் போட்டான். எல்லாம் வாய்தான். எழுந்து போய் அவள் முடியைப் பிடித்த கையை எடுத்துவிடவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். கயிற்றில் கட்டிய மஞ்சள் கிழங்கு உலர்ந்து சுருங்கியிருந்தது.

படுகளத்து அடியைப் பற்றி எங்கள் பக்கத்தில் ஒரு பழைய வழக்கு உண்டு. கதாயுதப் போரில் இடுப்புக்குக் கீழே அடிக்கக் கூடாது. இரண்டாமவன் அடித்தது விதிமீறல். நல்லவன் ஏன் தப்பாக அடித்தான் என்று டீக்கடையில் வருடா வருடம் சண்டை வரும். நானும் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன், அவன் அடித்தது நியாயம்தான் என்ற கட்சியில். இப்போது எனக்கு வேறு மாதிரித் தோன்றுகிறது. அன்றைக்குச் சபையில் நேரத்தோடு எழுந்திருந்தால் நேராகவே அடித்திருக்கலாம். முகத்துக்கு முகம், ஒரே ஒரு ஆளை. எழுந்திருக்க வேண்டிய நேரத்தில் உட்கார்ந்துவிட்டதால்தான், இத்தனை வருடம் காட்டில் கிடந்து, பதினெட்டு நாள் இத்தனை பேர் செத்து, கடைசியில் விதியையும் மீறி இடுப்புக்குக் கீழே அடிக்க வேண்டி வந்தது. நேரம் தப்பிய பலம் குறுக்கு வழியில்தான் போகும் போல. இது பிரசங்கியார் சொன்னதில்லை. சொன்னால் கோபித்துக்கொள்வார்.

அவர் வேறொன்று சொன்னார். போர் தொடங்கும் முன் தேரோட்டி சொல்கிற உபதேசத்தில் வருவதாம். பலசாலியிடம் உள்ள பலத்தில், ஆசையும் பற்றும் கலக்காத பலம் எதுவோ அது மட்டும்தான் தெய்வத்தினுடையது. பந்தலில் எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். ஆட்டும்போதே உறைத்தது. கோபத்தில் கை ஓங்குவதுதான் ஆசை கலந்த பலம் என்று நினைத்து ஏழு நாள் அடக்கிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு வராந்தாவில் என் கையைப் பின்னால் இழுத்ததும் ஆசைதான். அந்தக் கதாயுதத்தைத் தூக்கவேண்டும் என்ற ஆசை.

பன்னிரண்டாம் நாள் எதிர்வீட்டுக்காரன் லோடு எடுக்க வந்தான். ஐஸ் பார் நொறுக்குகிற மெஷினில் விழுந்து தூளாகிக்கொண்டிருந்தது. என் பக்கத்தில் வந்து தோளில் கையைப் போட்டான்.

"மாமு, அந்த பாய் கெய்வன் வந்து நடுவுல நின்னான் பாரு, அவனுக்கு இன்னா வேல அங்க? நீதான் மாமு மரியாத தெரிஞ்ச ஆளு. அடுத்தவன் குடும்பத்துல தலையிடல பாரு."

நன்றி சொன்னான். எனக்கு. கையில் கொக்கி இருந்தது. அதற்குமேல் நான் என்ன நினைத்தேன் என்பதை எழுதாமல் விடுகிறேன். கொக்கியை ஆணியில் மாட்டிவிட்டு, குழாயடிக்குப் போய் முகம் கழுவினேன். அன்றைக்கு அவனை அடித்திருந்தால் அது அவளுக்காக இல்லை, என் மானத்துக்காக. ஐந்து நாள் தாமதமான அடி. வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். அவள் ஐந்து நாளுக்குப் பிறகு முதல் முறையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினாள். "இப்பவாவது சுட்டுச்சே" என்றாள்.

பதினாறாம் நாள் எதிர்வீட்டுப் பெண்ணே எங்கள் வீட்டுக்கு வந்தாள். அம்மா வீட்டோடு போய்விடுவதென்று முடிவு செய்திருந்தாள். ஒரே ஒரு சிக்கல். அவள் பத்தாவது மார்க் ஷீட், ஆதார், துணிமணி எல்லாம் பீரோவுக்குள். பீரோ சாவி புருஷனின் அரைஞாணில்.

"கொக்கியால ஒரே நெம்பு நெம்பினா பூட்டு கயண்டுடும்" என்றேன்.

"வேணாண்ணா. எங்கப்பா செத்துப் போறதுக்கு முன்னாடி வாங்கிக் குடுத்தது. அத உடைச்சுத்தான் நான் வெளிய போவணுமா? பீரோவோடயே போறேன்" என்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "படுகளத்தன்னிக்கி காலைல எல்லாரும் மைதானத்துக்குப் பூடுவாங்க. அவரும் பூடுவாரு. அப்பதான் முடியும். யாராவது ஆள் கெடைச்சா சொல்லுக்கா."

கடைசி வார்த்தையை என் மனைவியைப் பார்த்துச் சொன்னாள். என்னிடம் கேட்கவில்லை. படுகளத்தன்று காலையில் நான் எங்கே நிற்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியாதா? எங்கள் படிக்கட்டு ஒடுக்கம். திருப்பத்தில் இரண்டு பேர் சேர்ந்து பீரோவைத் திருப்ப முடியாது. ஓர் ஆள் முதுகில்தான் இறங்கும். அப்படி இறக்கக்கூடிய முதுகு அந்தக் கட்டடத்தில் ஒன்றே ஒன்று. மனைவி என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். அன்றும் மறுநாளும் நான் சரியாகத் தூங்கவில்லை. ஒன்பது வருட ஆசை லேசில் விடுமா?

பதினெட்டாம் நாள் காலை பத்து மணிக்கு மைதானத்துப் பக்கம் உடுக்கையும் மேளமும் கேட்க ஆரம்பித்தன. கட்டடம் காலியாகிவிட்டது. நான் குளித்து, மஞ்சள் வேட்டி கட்டி, மாலைக்குக் கழுத்தை நீட்ட வேண்டிய நேரம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எதிர் வீட்டுக்குள் போனேன். பாய் கீழே ஒரு டெம்போவைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். புதுக் கண்ணாடி போட்டிருந்தார்.

தூக்குவதற்கு முன் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்து ஜன்னல் கட்டையில் வைத்தேன். பூசாரி அவிழ்க்க வேண்டிய கயிறு. தெரிந்துதான் அறுத்தேன். இந்தமுறை எவனாவது குறுக்கே வந்தால் என் கை யோசிக்கக் கூடாது என்று நினைத்தேன்.

ஈரச் சாக்கு இல்லை, போர்வையை மடித்து முதுகில் போட்டுக்கொண்டேன். பீரோவைச் சாய்த்து, இரண்டு கையையும் பின்னால் கொடுத்துப் பிடித்து, எழுந்தேன். துணியோடு இருந்ததால் ஐஸ் பாரைவிடக் கனம், ஆனால் வழுக்காது. பாய் முன்னால் இறங்கியபடி, "லெஃப்ட்டுல ஒரு விரக்கட, மெதுவா, அல்லா கீறான்" என்று அளவு சொல்லிக்கொண்டே போனார். முதல் திருப்பம் தாண்டியது. இரண்டாம் மாடி தாண்டியது.

கீழேயிருந்து அவன் ஏறி வந்தான். நான் களத்துக்கு வராததால் என்னைத் தேடி அழைத்துவர, எதிர்வீட்டுக்காரன் என்று அவனையே கோவிலிலிருந்து அனுப்பியிருக்கிறார்கள்.

"இன்னா மாமு, அங்க எல்லாம் உன்ன கேட்டுகினு..." என்றவன் பீரோவைப் பார்த்தான். பின்னால் பையோடு இறங்கி வந்த அவளைப் பார்த்தான். புரிந்துவிட்டது. பாயைத் தள்ளிக்கொண்டு வந்து என் வாயில் ஒரு குத்து விட்டான். உதடு கிழிந்தது. எனக்கோ இரண்டு கையும் பீரோவில். கயிற்றை அறுத்து என்ன பயன்? அடிக்க நினைத்தாலும் முடியாது. பீரோவை விட்டால் கீழே பாய் நசுங்குவார், மேலே அவள் நிற்கிறாள்.

"வயிய வுட்றா" என்றேன். வாயில் ரத்தத்தோடு சொன்னதால் சத்தம்கூடப் பெரிதாக வரவில்லை.

ஒரு படி இறங்கினேன். பாய் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார். அவன் இன்னொரு குத்து விட்டான். நான் இன்னொரு படி இறங்கினேன். படியில் இறங்குகிற பீரோவை யாரும் கையால் நிறுத்திவிட முடியாது. அவனும் ஒரு படி பின்னால் போக வேண்டியிருந்தது. அப்படியே ஒவ்வொரு படியாக, திட்டிக்கொண்டே, அவன் பின்புறமாகக் கீழே இறங்கினான். தரைக்கு வந்ததும் விலகி நின்றான். டெம்போவில் பீரோவை ஏற்றி, கயிறு போட்டுக் கட்டி முடித்தபோது என் கைகள் காலியாக இருந்தன. அவன் அதைப் பார்த்தான். நானும் அவனைப் பார்த்தேன். பாய் எங்கள் இருவருக்கும் நடுவே வந்து நிற்பதற்குள் அவன் தெருமுனை தாண்டிவிட்டான். நான் துரத்தவில்லை. துரத்தத் தோன்றவில்லை என்பதுதான் உண்மை.

மைதானத்தில் பெரிய கூச்சல் எழுந்தது. தொடை உடைந்துவிட்டது. கூத்துக்காரரே அடித்துவிட்டார் என்று பிறகு சொன்னார்கள். அந்தக் கோவிலில் அதற்குப் பிறகு எனக்குக் காப்புக் கட்டவில்லை, கட்டவும் மாட்டார்கள். கயிற்றைத் தானே அறுத்தவன் என்று என் பெயர் நின்றுவிட்டது.

என் மனைவி அவளுக்கு அவசர அவசரமாக முடியை அள்ளிக் கொண்டை போட்டுவிட்டாள். அவள் டெம்போவின் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். மாவுக்கட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னல் வழியாக என் கையைப் பார்த்தாள். அன்றைக்குப் பார்த்த அதே மாதிரி.

"காப்பு எங்கண்ணா?"

"அவுத்துட்டம்மா" என்றேன். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அவள் தலையாட்டினாள். கோபமே இல்லாமல், தண்ணீர் வந்ததா என்று கேட்பதுபோலக் கேட்டாள்:

"அன்னிக்கே அவுத்திருக்கலாம் இல்லண்ணா?"

டெம்போ எண்ணூர் சாலைப் பக்கம் திரும்பிப் போய்விட்டது. என் பெருமையும் அதோடு போய்விட்டது.